வெட்டுப்பட்ட விரலுக்கு மாலை, குப்பை அள்ளும் கைக்கு வழக்கு

வில்லா பார்க் கச்சேரிக்கு நாங்கள் போயிருந்தோம் என்று தெரிந்ததிலிருந்து ஒரே கேள்வி. “அம்பேத்கரியம் பேசுகிறவர்களுக்கு ஹெவி மெட்டல் இரைச்சலில் என்ன வேலை?” கேட்டவர்களில் நம் தோழர்களும் உண்டு. டிசம்பர் சீசனில் சபா சபாவாக ஏறி இறங்கும் நண்பர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறோம். 2025 ஜூலை 5, சனிக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் பகுதியில் இருக்கும் வில்லா பார்க் கால்பந்து ஸ்டேடியம். நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மெட்டாலிகா, ஸ்லேயர், டூல், கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று பகல் முழுக்க ஒவ்வொரு குழுவாக வந்து, தங்களுக்கெல்லாம் முன்னோடியான ‘பிளாக் சபாத்’துக்கு மரியாதை செலுத்திவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்த நால்வரும் வந்தார்கள்: ஓசி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட். நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓசி, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல், இறந்துபோனார்.

இந்த நால்வரும் ஆஸ்டன் பிள்ளைகள். ஓசியின் அப்பா இரவு ஷிப்டில் வேலை பார்த்த டூல்மேக்கர். அம்மா லூகாஸ் கம்பெனி தொழிற்சாலையில். ஓசியும் அதே லூகாஸில் கார் ஹாரன்களைச் சரிபார்க்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தார். அதற்குமுன் பின் பார்த்த வேலைகளில் ஒன்று கசாப்புக்கூடத்தில். நம்மூர் பேச்சில் சொன்னால் மாட்டுத்தொட்டி. ரத்தமும் குடலும் அள்ளிய கை அது. திருட்டு வழக்கில் சிறைக்கும் போய் வந்தவர்.

அயோமியின் கதை இன்னும் நேரடியானது. பதினேழு வயது. தகர ஆலையில் அன்று அவருக்குக் கடைசி நாள். மறுநாளிலிருந்து முழுநேரம் கிடார்தான் என்று முடிவு செய்திருந்தார். பிரஸ் மெஷின் ஓட்டும் ஆள் வரவில்லை என்று பழக்கமில்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர். அதாவது, கம்பிகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் முனைக்குத் தொப்பி செய்து, அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிக்கொண்டார். விரல் நோகாமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். இன்று உலகம் முழுக்க ஹெவி மெட்டலின் அடையாளமாகக் கேட்கும் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியில் அந்த விபத்துக்கும் பங்கு உண்டு.

நாங்கள் நிறுத்திப் படித்த இடம் அந்தத் தோல் துண்டு. தோலைத் தொட்ட கை தீட்டு என்று சொல்லும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தும் வேலையை ஒரு கூட்டத்தின் தலையில் கட்டி, அந்த வேலையைக் காட்டியே அவர்களை ஊருக்கு வெளியே வைத்த நாடு. மிருதங்கத்துக்குப் பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அதைச் செய்து தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது நினைவிருக்கிறதா? மாட்டுத்தோலில் எழும் நாதம் மேடைக்கு வரலாம். அதை இழுத்துக் கட்டியவனின் பெயர் அரங்கத்துக்குள்ளே வரக்கூடாது. இதுதானே அங்கே நடந்தது?

பறையின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அடித்தபின் அதற்குச் ‘சாவு மேளம்’ என்று பெயர் வைத்தார்கள். அடிக்கமாட்டோம் என்று சொன்ன ஊர்களில் அடி விழுந்தது. ஒலியில் உயர்வு தாழ்வு கிடையாது. யார் எழுப்பும் ஒலி என்று பார்த்துத்தான் ஒன்றுக்கு இசை என்றும் மற்றொன்றுக்கு இரைச்சல் என்றும் பெயர் சூட்டுகிறார்கள். 1970இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தபோது அங்கேயும் பெரிய பத்திரிகை விமர்சகர்கள் ஏளனம்தான் செய்தார்கள். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் வாங்கிக் கேட்டார்கள். ஆகவே, “இரைச்சலில் உங்களுக்கு என்ன வேலை” என்ற கேள்விக்கு எங்கள் பதில்: இரைச்சல் என்ற சொல்லோடு எங்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம் உண்டு.

ஆனால் கச்சேரியைப் புகழ்ந்து எழுதுவதற்காக நாங்கள் உட்காரவில்லை. அன்று மேடையிலும் திரையிலும், அடுத்த நாள் செய்தித்தாள்களிலும் ஒரே கதை திரும்பத் திரும்ப ஓடியது. ஏழைப் பிள்ளைகள், இருண்ட ஆலை, வெட்டுப்பட்ட விரல், விடாமுயற்சி, உலகப் புகழ். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நம்மூரில் இந்தக் கதைக்குத் ‘தகுதி, திறமை’ என்று பெயர். “அவன் விரல் போயும் ஜெயித்தான், உனக்கென்ன குறை?” என்று இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நம் முகத்தில் எறியப்படும் கதையும் இதுதான்.

இந்தக் கதை சொல்லாமல் விடுவதை நாம் கேட்போம். பழகாத பிள்ளையை அந்த மெஷினில் நிறுத்தியது யார்? பாதுகாப்புத் தடுப்பு ஏன் இல்லை? அதே பிரஸ்ஸில், அதே வட்டாரத்தில் விரல் இழந்து, கிடார் வாசிக்கத் தெரியாமல் வீட்டுக்குப் போன மற்றவர்களின் பெயர் எந்தத் திரையில் ஓடியது? ஹரியானாவின் மானேசர்–குருகிராம் பகுதியில் கார் உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்ன ஆலைகளில் இன்றும் பவர் பிரஸ்ஸில் விரல்கள் நசுங்குகின்றன. பிழைப்புக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளின் விரல்கள். அவற்றுக்கு யாரும் பாட்டுக் கட்டுவதில்லை. விபத்துக்கான நஷ்டஈட்டுக்கே அலைய வேண்டியிருக்கிறது. ஒரு விரல் இசையானது என்பதற்காக மற்ற விரல்கள் போனது நியாயமாகிவிடாது.

வேறு ஒன்றையும் பேசாமல் விட முடியாது. வர்க்கமும் சாதியும் ஒன்று என்று யாரும் இதைப் படித்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆஸ்டன் பையன் மேடை ஏறியபின், கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பது அவனுக்குக் கூடுதல் பெருமை. பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். நம்மூரில் பறையடித்தவர் பிள்ளை எந்த மேடை ஏறினாலும், கீழே ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் “எந்த ஊராம், எந்தத் தெருவாம்?” என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஆலைச் சட்டையைக் கழற்றலாம். சாதியைக் கழற்ற நமக்கு அனுமதியில்லை.

அது கடல் தாண்டியும் வந்தது. 1950களிலும் 60களிலும் இதே பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் வார்ப்பாலைகளில், யாரும் செய்ய விரும்பாத சூடான, அழுக்கான வேலைகளில் நின்றவர்களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் ரவிதாசியரும் வால்மீகியரும் இருந்தார்கள். ஈனோக் பவல் குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கியது 1968 ஏப்ரலில், இதே பர்மிங்காமில். பிளாக் சபாத் நால்வரும் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். ‘உலோக நகரத்தின் இசை’ என்று அன்று முழங்கிய வரலாற்றில், அந்த உலோகத்தை உருக்கிய இந்த மக்கள் ஒரு வரியில்கூட இல்லை. இன்று ஆஸ்டனில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் தெற்காசிய, கறுப்பின வம்சாவளியினர். ஸ்டேடியத்துக்குள்ளே பெரும்பாலும் வெள்ளை முகங்கள். மிகக் குறைந்த டிக்கெட்டே ஏறக்குறைய 200 பவுண்டு. 2016இல் மேடையில் நாஜி வணக்கம் வைத்து, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்ட பாடகரின் குழுவும் அன்று மேடையில் இருந்தது. யாரும் அதை நினைவுபடுத்தவில்லை. சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கமாட்டோம் என்று 2018இல் பிரிட்டன் அரசு கைவிரித்ததையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 28 அன்று, பர்மிங்காம் மாநகராட்சி இந்த நால்வருக்கும் நகரின் மிக உயர்ந்த கௌரவத்தை வழங்கியது. அதே மாநகராட்சியின் குப்பை லாரித் தொழிலாளர்கள் அப்போது தெருவில் இருந்தார்கள். மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். லாரியில் ஒரு பதவியை ஒழித்ததால் ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை சிலருக்குக் கூலி குறைகிறது என்று யுனைட் சங்கம் சொன்னது. மாநகராட்சி அந்தக் கணக்கை மறுத்தது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியப் பாக்கி இருக்கிறது, அதனால்தான் இந்த மாற்றம் என்றது. பெண்களுக்குக் கூலி திருடியது நிர்வாகம். அதைச் சரிக்கட்ட இன்னொரு தொழிலாளியின் பையில் கை விடுகிறது. தெருக்களில் 17,000 டன் குப்பை தேங்கியபோது பெரும் அவசரநிலை அறிவித்தது. லாரிகளைத் தொழிலாளர்கள் மறிக்கக்கூடாது என்று நீதிமன்றத் தடையும் வாங்கியது.

அறுபது ஆண்டுக்கு முன் ஆலையில் விரல் இழந்தவருக்கு மாலை. இன்று குப்பை அள்ளுகிறவருக்கு வழக்கு. இரண்டையும் தந்தது ஒரே நிர்வாகம். உழைப்பாளியின் வலி பாட்டாகி, விற்று, சுற்றுலாவுக்கும் உதவினால் அது நகரத்தின் பெருமை. அதே வலி கூலி கேட்டு வாசலில் வந்து நின்றால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இதைச் சென்னையில் படிக்கும் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித்துகள், பெரும்பாலும் பெண்கள். வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்றார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவில் வந்த கூலி 17,000க்கும் கீழே போய்விடும் என்றார்கள். பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் வழக்கு. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து இழுத்து ஏற்றியது. விடிந்ததும் அமைச்சரவை கூடி, இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. கேட்டது வேலை. கொடுத்தது சாப்பாடு.

இதே 2025இல்தான் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு ஒன்றிய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. நமக்கு மகிழ்ச்சிதான். அவர் வாங்கியது அவர் உழைப்புக்கு வந்த மரியாதை. ஆனால் பறைக்கு விருது கொடுத்தோம் என்று காட்டிக்கொண்டே, பறையடித்த சேரியிலிருந்து வந்த பெண்ணின் பணிப் பாதுகாப்பைப் பறிக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஒன்றிய அரசு, மாநில அரசு, மாநகராட்சி எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பர்மிங்காமில் இருக்கும் தமிழ்த் தோழர்களே, கச்சேரிப் படங்களைப் பகிருங்கள். அதோடு குப்பைத் தொழிலாளர்களின் மறியலுக்கும் போய் நில்லுங்கள். சென்னைத் தோழர்களே, மேடையில் பறை ஒலிக்கும்போது கை தட்டுங்கள். தட்டிய கையோடு, மண்டலம் 5, 6 தொழிலாளர்களுக்கு மாநகராட்சியே நேரடியாக நிரந்தர வேலை தரவேண்டும் என்ற மனுவில் கையெழுத்தும் போடுங்கள். எங்களிடம் “உங்களுக்கு அங்கே என்ன வேலை” என்று கேட்ட சபா நண்பர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். அடுத்த சீசனில் மிருதங்கத்தைக் கேட்டு ரசித்தபின், அந்தத் தோலைக் கட்டியவர் பெயர் என்ன என்று விழாக் குழுவிடம் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறோம்.

ஜெய் பீம்.