பெயர்ச்சியை வானத்திலும் காண வேண்டும்

குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி ஆகியவற்றைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. பெயர்ச்சி நாளை நாள்காட்டியில் குறித்து வைப்போர் பலர். ஆனால், அக்கோள்களை வானத்தில் தேடிப் பார்த்தவர் சிலரே. இந்நிலை மாற வேண்டும்.

குரு எனப்படும் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. ராசிகளும் 12. எனவே, அது ஒரு ராசியைக் கடக்கச் சுமார் ஓராண்டு ஆகிறது. சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் தேவைப்படுவதால், ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. தொலைநோக்கி தோன்றுவதற்கு முன்பே மக்கள் இக்கணக்கை அறிந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாக வானத்தை உற்றுநோக்கியதே அதற்குக் காரணம்.

ஆண்டுதோறும் சில மாதங்கள் இக்கோள்கள் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். பஞ்சாங்கம் இதனை ‘வக்கிரம்’ என்கிறது. அச்சொல்லைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. உண்மையில் எந்தக் கோளும் திரும்பிச் செல்வதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு கார் லாரியை முந்தும்போது, காரில் இருப்பவருக்கு லாரி பின்னால் போவதுபோல் தெரியும். விரைவாகச் சுற்றும் பூமி, மெதுவாகச் செல்லும் கோளை முந்தும்போதும் அதுவே நிகழ்கிறது.

நகர விளக்குகளின் ஒளியில் எதுவும் தெரியாது என்று சிலர் கூறலாம். ஆண்டில் பல மாதங்கள் வியாழன் அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்தும் தெரியும். அது நட்சத்திரம்போல் மினுக்காமல் நிலையாக ஒளிரும். அருகிலுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் இடத்தை வாரந்தோறும் வரைந்து வைக்கும் மாணவர் அதன் நகர்வைத் தாமே கண்டறிவர். பிறர் சொல்லக் கேட்டு அஞ்சுவதைவிட, கண்ணால் கண்டு தெளிவதே மேல்.