பாம்பு வளர்க்க ஆசையா? பெட்டி வாங்கும் முன் ‘வெயிலூர்’வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரீல்ஸில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பாம்பு கைமேல் ஊர்ந்து போகிறது. பின்னால் விளக்கு, செடி, மரக்கட்டை என்று அலங்கரித்த கண்ணாடிப் பெட்டி. பார்க்கிறவர்களில் சிலருக்கு ‘நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுத்தவை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் பகுதியின் வெயிலும், இந்தியச் சட்டமும் அவற்றில் வராது.

எந்தப் பாம்பை வளர்க்கலாம்?

நம்மூர்ப் பாம்பு எதையும் பிடித்து வளர்க்க முடியாது. நாகம், சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என எல்லாமே 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிடிப்பதே அந்தச் சட்டப்படி ‘வேட்டை’தான். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘மண்ணுளி வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம், லட்சக்கணக்கில் விலை போகும்’ என்ற பேச்சை நம்பி சிக்கலில் மாட்டியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் பாம்புத் தோலும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானது. 1976-ல் அதற்குத் தடை வந்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் வருமானம் இழந்தார்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களை விஷமுறிவு மருந்துக்கான விஷம் எடுக்கும் வேலைக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கே அரசு அனுமதியோடுதான் அந்த வேலை.

வெளிநாட்டுப் பாம்பு என்றால்?

வீட்டில் வளர்க்க அதிகம் விற்கப்படுபவை இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு, அதாவது ‘பால் பைத்தான்’. இன்னொன்று அமெரிக்காவின் ‘கார்ன் ஸ்நேக்’. இரண்டுக்கும் விஷம் கிடையாது.

பால் பைத்தான், சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான ‘சைட்டீஸ்’ பட்டியலில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம் இந்தப் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் தந்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்ட்டில் முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவருக்கு 30 நாள்தான். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எப்படி வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. இறக்குமதி விதிகள் அதற்கும் உண்டு. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பைகளில் 45 பால் பைத்தான்களோடு 8 கார்ன் ஸ்நேக்குகளும் சிக்கின. அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. எனவே விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஆவணம். ‘பேப்பர் எல்லாம் அப்புறம் தரேன்’ என்றால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பாம்பு முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இடம் வேண்டும். வளர்ந்த பால் பைத்தானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது குறைந்தபட்சம். பெட்டியின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருப்பது அவசியம். பாம்பால் தன் உடல் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்த முடியாது. இடம் மாறித்தான் சமாளிக்கும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25 முதல் 27 டிகிரி தேவை. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம், இறங்கி ஊறும் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரம், இரண்டு தெர்மாமீட்டர் வேண்டும்.

இங்கேதான் வேலூர் சிக்கல்

வெளிநாட்டுக் கையேடுகள் பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே பேசும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கேள்வி தலைகீழ்: குளிர்ந்த முனை எங்கிருந்து வரும்? மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் வைத்தால் பெட்டி முழுக்கச் சூடான முனைதான். 35 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் பாம்பின் உயிருக்கே ஆபத்து. ஃபேன் போட்டும் பயனில்லை, பாம்புக்கு வியர்க்காது.

அதனால் தரைத்தளத்தில், வெயில் நேராக விழாத அறையே சரி. ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஏசி அறை என்றாலும் கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் ஏசியைத் தாங்காது. மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரிக்குக் கீழே போகும்போது ஹீட்டிங் மேட் தேவைப்படும். அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போட்டால் பாம்பின் வயிறு வெந்துவிடும்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கத்திரி வெயிலில் ஒரு வாரம் காலிப் பெட்டியை அந்த இடத்தில் வைத்து, மதியம் 3 மணிக்குக் குளிர்ந்த முனையின் வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். 30 டிகிரிக்குள் நிற்கவில்லை என்றால் அந்த அறை பாம்புக்கானது இல்லை.

தரையில் என்ன விரிப்பது?

தேங்காய் மட்டைத் துண்டுகள் நல்லது. ஈரத்தைப் பிடித்துவைக்கும், நம்மூரில் எளிதாகக் கிடைக்கும். பால் பைத்தானுக்குச் சுமார் 60 சதவீத ஈரப்பதம் வேண்டும், இல்லாவிட்டால் சட்டை சரியாக உரியாது. பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று தோல் சீவலை விரிக்கக் கூடாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் அது. கதவுக்குக் கட்டாயம் பூட்டு வேண்டும்; தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பாம்பு ஏற்றதல்ல.

20, 30 வருடம் யார் பார்ப்பது?

நன்றாகக் கவனித்தால் பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். இன்று 25 வயதில் வாங்குபவருக்கு அதற்குள் வேலை மாறும், பெங்களூருவுக்கோ துபாய்க்கோ போக வேண்டி வரலாம், கல்யாணம் ஆகும். வேண்டாம் என்று பாலாற்றங்கரையில் விடவும் முடியாது. அது பாம்புக்கும் கேடு, நம்மூர் உயிரினங்களுக்கும் கேடு. பெட்டியின் விலை ஒரு முறைதான். மே மாத மதியம் வருடா வருடம் வரும். அதைச் சமாளிக்க ஓர் அறையும், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பாம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருக்கிறார்கள் என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.