முதுவேனிற் பூக்களும் சங்கத்து முற்றமும்

ஆனி கழிந்து ஆடி பிறக்கும் நாட்களில் நம் வட்டாரத்தில் வெயில் முழுவதும் தணிந்துவிடுவதில்லை. பகலெல்லாம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தார்ச்சாலை கொதிக்கிறது. மாலையில் மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் வானம் கருத்து, இடி இடித்து, ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்கிறது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஆனி ஆடி ஆகிய இவ்விரு திங்களுக்கும் முதுவேனில் என்று பெயரிட்டனர். இப்பருவத்தில் நம் வீட்டுத் தோட்டங்களிலும் சங்க முற்றங்களிலும் மலரும் சில அரிய மணப் பூக்களைப் பற்றி அங்கத்தினர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம். கடன், வட்டி, தவணை, கொள்முதல் ஆகியவற்றையே வழக்கமாகப் பேசும் ஓர் ஆய்வாளருக்கு இது என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நாம் செய்த ஒரு பிழையே இதை எழுதத் தூண்டியது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பூவுக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் எழுதுகிறோம். அவ்வூரினரான திருக்கச்சி நம்பிகள் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். நந்தவனம் அமைத்து, பூக்கொய்து, காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குக் கொண்டு சென்றவர் என்பது வைணவ மரபு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலின் பெயரிலோ முல்லையே இருக்கிறது. தொண்டைமானின் யானை முல்லைக் கொடிகளில் கால் சிக்கி நின்றதென்று அத்தலத்தின் வரலாறு கூறுகிறது. யானையை நிறுத்திய முல்லைக் காடு இருந்த இடத்தில், ஒரு கொடியைப் படரவிடுவதற்கும் மண் கிடைக்காத தெருக்கள் இன்று பல உள்ளன. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் வந்ததை நாம் குறை கூறவில்லை. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்கு வேலை தந்தவை அவையே. ஆயினும், வந்தவற்றைக் கணக்கில் எழுதும்பொழுது போனவற்றையும் எழுதுவதுதான் முறையான கணக்கு.

பூப் பயிரிடுவோர்க்கு இப்பருவத்தின் தொல்லை நன்கு தெரியும். மல்லிகைக்குக் கார்த்திகையில் கவாத்துச் செய்தால் மாசிக்குப் பின் அரும்பு கட்டத் தொடங்கி, கோடை முழுவதும் பூத்துக் குவிகிறது. எல்லார் வயலிலும் ஒரே காலத்தில் பூப்பதால் விலை சரிகிறது. 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தைக்குக் கூடை கூடையாகக் கொண்டு சென்று, வண்டிக் கூலியும் மிஞ்சாமல் திரும்பிய கதையை நம் அங்கத்தினர்கள் பலர் நம்மிடம் கூறியுள்ளனர். நாம் கூறப்போகும் பூக்கள் இந்தத் தொல்லைக்கு மருந்தல்ல என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். அவை பெரும்பாலும் சந்தைக்குப் போகாதவை. நாம் அவற்றை மறந்துவிட்டதற்கும் அதுவே காரணம்.

மனோரஞ்சிதத்தை எடுத்துக் கொள்வோம். அது சீத்தாவின் இனத்தைச் சேர்ந்த கொடி. அதன் பூ முதலில் பச்சையாக, இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். பழுத்து மஞ்சளாகும்பொழுதுதான் மணம் எழும். நினைத்த பழத்தின் வாசனை அதில் வரும் என்று பாட்டிமார் கூறுவர். பூ எங்கிருக்கிறதென்று தெரியாமல், மணத்தைக் கொண்டே அதைத் தேடிப் பிடிப்பது சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. செண்பகம் கோடையில் தொடங்கி மழைக்காலம் வரை பூக்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று விரைவில் பூக்கும். நிஷாகந்தி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்த கள்ளியினம். இலைபோலத் தட்டையாகத் தோன்றும் அதன் தண்டை ஒடித்துத் தொட்டியில் நட்டாலே வளரும். ஆண்டில் சில இரவுகளே பூத்து, விடிவதற்குள் வாடிவிடும். இதனைப் பிரம்ம கமலம் என்றும் சொல்லுகிறார்கள். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் வளரும் வேறொரு செடி. பெயர் எதுவாயினும், அது மலரும் இரவில் அண்டை வீட்டார் எல்லாரும் விளக்கை எடுத்துக்கொண்டு ஒரே முற்றத்தில் வந்து கூடுவதை நாம் ஆவடியில் கண்டிருக்கிறோம். சங்கக் கூட்டத்துக்கு அவ்வளவு பேர் அழைப்பின்றி வந்ததை நாம் கண்டதில்லை!

நெசவாளர்களாகிய அங்கத்தினர்கள், இவையெல்லாம் பயிரிடுவோர் விஷயம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். காஞ்சிபுரப் பட்டின் கரையில் தாழம்பூ ரேக்கு வைக்கிறோம். உடலில் மல்லிமொக்குப் போடுகிறோம். ஆனால் தாழம்பூ ரேக்கை நாள்தோறும் நெய்கின்ற ஓர் இளைஞர், தாழம்பூவைத் தாம் நேரில் பார்த்ததேயில்லை என்று நம்மிடம் கூறினார். அவர்மீது குற்றமில்லை, அவர் பார்ப்பதற்கு நாம் எங்கே தாழையை விட்டுவைத்தோம்? பட்டுப்புடவைப் பெட்டியில் தாழம்பூ மடல் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்து மக்கள் இதே தாழம்பூவிலிருந்து அத்தரும் வாசனை நீரும் வடித்துப் பிழைக்கின்றனர். ஆண் தாழையின் பூவுக்கே அந்த மணம் உண்டு. ஆகையால் நடுவதற்குக் கன்று எடுப்போர் பூத்த ஆண் தாழையின் அடியிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஆவணியில் பூக்கத் தொடங்கும் பவழமல்லியும் அவ்வாறே நெசவுக்கு உறவினம். இரவில் விரிந்து காலையில் உதிரும் அப்பூவின் செம்மஞ்சள் காம்பைக் கொதிக்கவைத்துப் பட்டுக்குச் சாயம் ஏற்றினர். நிறம் அழகியது, ஆனால் வெயிலில் விரைவில் வெளிறும். 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின், இத்தகைய பூச்சாயங்கள் உலகெங்கும் ஒதுங்கின. அவற்றுக்குத் திரும்ப வேண்டுமென்று நாம் கூறவில்லை. தறிக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு காலத்தில் வேலி இல்லை என்பதையே நினைவூட்டுகிறோம்.

இனி நமது பிழையைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தின் முற்றத்தில் முதிர்ந்த மகிழ மரம் ஒன்று இருந்தது. மகிழம் சப்போட்டாவின் இனம். சிறிய நட்சத்திரம் போன்ற அதன் பூ உதிர்ந்து காய்ந்த பின்னரும் மணம் மாறாதது. திருவொற்றியூரில் தல மரமாக விளங்குவதும் இதுவே. அச்சங்கத்தார் அதிகாலையில் இந்த மரத்தடியில்தான் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து ஆற்றுவார்கள். அன்று பூ உதிர்ந்து ஈரப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேர் சுற்றுச்சுவரைச் சற்றே தூக்கியிருந்தது. நாம் பணிக்குப் புதியவர். எதையேனும் குறிப்பிட வேண்டுமென்ற வேகம் இருந்தது. “மரத்தால் வருமானம் ஏதுமில்லை, சுவருக்குச் சேதம், அகற்றி அவ்விடத்தில் கொட்டகை அமைக்கலாம்” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். நிர்வாகக் குழுவினர் மறுத்துப் பேசவில்லை. மரம் வெட்டப்பட்டது.

மறு ஆண்டு ஆனி மாதத்தில் அங்கே மீண்டும் சென்றோம். கொட்டகை எழவில்லை; அதற்குப் பணம் போதவில்லை. வெற்றிடத்தில் வெயில் கொளுத்திற்று. முதிய நெசவாளர் ஒருவர் நமக்கு மோர் கொடுத்துவிட்டு, “வெயில் ஏறுவதற்கு முன் பாவை எடுத்துவிட வேண்டியிருக்கிறது ஐயா. கொஞ்சம் தாமதித்தாலும் கஞ்சி சடுதியில் காய்ந்து இழை முறுகி, தறியில் அறுந்துபோகிறது. முன்பு அந்த அவசரம் இல்லை” என்றார். அவர் நம்மைக் குறை கூறவில்லை. வேலையின் நிலையை மட்டும் சொன்னார். விற்பனைப் பிரிவில் இருந்த அம்மையார், வேட்டிக் கட்டுகளுக்கு இடையே வைக்க இவ்வாண்டு மகிழம்பூ இல்லை என்றும், வழக்கமாக வாங்குவோர் அதைக் கேட்கிறார்கள் என்றும் கூறினார். நிழல் ஒன்று, மணம் ஒன்று: இவ்விரண்டும் சங்கத்தின் சொத்துப் பட்டியலில் இல்லாத சொத்துக்கள். பட்டியலில் இல்லாததால் அவற்றை இல்லாதவை என்று நாம் எழுதிவிட்டோம். ஒரு நாளில் வெட்டிய மரத்தை ஒரு நாளில் நட்டு வளர்த்துவிட முடியாது.

இவ்விஷயத்தில் எழக்கூடிய மறுப்புகளையும் நாம் அறிவோம். கீரை வைக்கவே இடமில்லாத மனையில் பூ எதற்கு என்பது ஒன்று. இது நியாயமான கேள்வி. இடமில்லாதார் நிஷாகந்தியைத் தொட்டியில் வைக்கலாம். மனோரஞ்சிதத்தைச் சுற்றுச்சுவர் ஓரமாக ஏற்றலாம். மகிழமும் செண்பகமும் வீட்டு மனைக்கு உரியவை அல்ல. அவை சங்கத்தின் பொது முற்றத்துக்கு உரியவை. மணத்தைத் தேடிப் பாம்பு வரும் என்பது மற்றொன்று. பாம்பு பூவைத் தேடி வருவதில்லை. அடர்ந்த புதரில் கிடைக்கும் நிழலையும், எலி, தவளை முதலிய இரையையும் தேடி வருகிறது. கொடியின் அடியைக் கழித்து, சருகை அகற்றி வைத்தால் அச்சத்துக்கு இடமில்லை. பூவிலிருந்து வருமானம் என்ன என்பது மூன்றாவது. பெரிய வருமானம் இல்லை என்றே கூறுகிறோம். ஆனால் சங்கத்தில் வருமானம் தராத செலவுகள் எத்தனையோ உண்டு; அவற்றில் எதுவும் இருபது குடும்பங்களுக்கு நிழல் தந்ததில்லை.

ஆகவே நாம் மூன்று யோசனைகளை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம். முதலாவது, சங்க நிலத்திலுள்ள எந்த மரத்தையும் பேரவையின் தீர்மானமின்றி வெட்டலாகாது. ஆய்வாளர் எழுதினார் என்பது போதிய காரணமன்று. ஆய்வாளரும் பிழை செய்வார். இரண்டாவது, இலாபப் பங்கீட்டில் பொதுநல நிதிக்கு ஒதுக்கும் சங்கங்கள், விதிகளுக்கு உட்பட்டு அதில் ஒரு சிறு தொகையைக் கொண்டு முற்றத்தில் ஒரு மகிழமோ, ஒட்டுச் செண்பகமோ நடலாம். பாவு விரிக்கும் இடத்துக்கு நேர் மேலே அன்றி, காலை வெயிலை மறைக்கும்படி கிழக்கே சற்று விலகி நட்டால், பூ ஒட்டும் தொல்லையும் இராது. நமக்கு அன்று இந்த எளிய உபாயம் தோன்றவில்லை. மூன்றாவது, பூப் பயிரிடும் அங்கத்தினர்கள் தாழை, மனோரஞ்சிதம், பவழமல்லி ஆகியவற்றின் கன்றுகளை நெசவாள அங்கத்தினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். பதிலுக்கு அவர்கள் என்ன தருவார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை; துண்டும் வேட்டியும் எல்லார்க்கும் வேண்டும்.

இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904இல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நாட்டின் முதற் சங்கம் என்று அதனைக் கூறுவர். அன்று அதில் சேர்ந்தவர்கள் அதன் பலன் முழுவதையும் தங்கள் காலத்திலேயே கண்டிருக்க மாட்டார்கள். மகிழ மரம் நடுபவர் நிலையும் அதுவே. நாம் வெட்டச் சொன்ன சங்கத்துக்குச் சென்ற ஆடி மாதத்தில் ஒரு மகிழங்கன்றை எடுத்துச் சென்றோம். அந்த முதியவரே குழி தோண்டி நட்டு, ஆடு மேயாமல் முள் வைத்துக் கட்டினார். அது நிழல் தருவதற்கு நெடுநாளாகும். மற்றச் சங்கத்தார் நம்மைப் போலத் தாமதியாமல், இருக்கும் மரங்களைக் காத்து, இல்லாத இடங்களில் இம்மழைக்காலத்துக்கு முன்பே நடுவார்களாக.