சாந்த்ராகாச்சி அருகே ஒரு முன்னெச்சரிக்கை

சென்னை வரும் கோரமண்டல் விரைவு ரயில், ஷாலிமாரை அடுத்து நிற்கும் நிலையம் சாந்த்ராகாச்சி. அங்கிருந்து ஆம்தா செல்லும் பாதையில் உள்ளது பாங்க்ராநயாபாஜ். 2022 மே 16-ம் தேதி, கம்பி இணைப்புத் தவறால் அங்கு சிக்னல் காட்டிய வழி ஒன்று, ரயில் சென்ற வழி வேறாயிற்று. அதே கரக்பூர் கோட்டத்தின் பாஹாநகா பஜாரில் 2023 ஜூன் 2-ம் தேதி இதே வகைத் தவறு நேர்ந்து, 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நிகழ்வுக்குப் பின் உரிய நடவடிக்கை எடுத்திருந்தால் விபத்தே நேர்ந்திராது என்றார் ரயில்வே பாதுகாப்பு ஆணையர்.

பணியாளர் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தலாமா என்று கேட்போருக்கு இதுவே உரைகல். ஆயிரம் கோளாறு அறிக்கைகளை ஒப்பிட்டு, ஓரிடத்துத் தவறை மற்றோரிடத்துக்கு உடனே உணர்த்த இயந்திரத்தால் இயலும். ஆனால், பாஹாநகாவில் இணைப்புப் பெட்டியின் குறியீடுகளே பல ஆண்டுகளாகத் தவறாக இருந்தன. ஏட்டை மட்டுமே படிக்கும் இயந்திரம் ஏட்டையே நம்பும். பெட்டியைத் திறந்து பார்த்த மூத்த தொழில்நுட்பருக்கே உண்மை தெரியும். கண்டதைச் சொன்னால் தண்டனை வருமோ என்ற அச்சத்தில் அவர் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால், இயந்திரம் எதைக் கற்கும்? கருவி வாங்குமுன், அவர் அச்சமின்றி எழுதுவதற்கு ரயில்வே வாரியம் வழிசெய்யட்டும். பயிற்சி வகுப்பில் அவருக்கும் ஓர் இருக்கை இடட்டும்.