போர்பந்தர் விபத்தும் நமது கரையும்

2024-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி இரவு போர்பந்தருக்கு அப்பால் சுமார் 45 கிலோமீட்டர் தூரத்திலிருந்த ‘ஹரி லீலா’ என்னும் எண்ணெய்க் கப்பலில் காயமுற்ற மாலுமி ஒருவரைக் கரை சேர்க்கப் புறப்பட்ட கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரில் ஒருவரே பிழைத்தார். ஒருவருடைய சடலம் ஒரு மாதத்துக்கு மேல் தேடிய பின்னரே கிடைத்தது. அதற்குச் சில தினங்கள் முன்புதான் ‘அஸ்னா’ புயலும் பெருமழையும் கூர்ஜர நாட்டை அலைக்கழித்திருந்தன. அந்த ஆபத்தில் இதே ஹெலிகாப்டர் 67 பேரை மீட்டிருந்தது.

மகாத்மாஜி பிறந்த ஊருக்கருகே நேர்ந்த இவ்விபத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பாக் ஜலசந்தியில் இரவெல்லாம் வலையிழுக்கும் சகோதரர்களைக் கேட்டால் தெரியும். 2021 ஜனவரி 18-ந் தேதி இத்துறையிலிருந்து சென்ற படகு இலங்கைக் கடற்படைக் கலத்துடன் நேர்ந்த மோதலில் மூழ்க, நால்வர் மாண்டனர். நள்ளிரவில் நடுக்கடலில் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தால், மண்டபத்துக் காவல் படையையும் உச்சிப்புளிக் கடற்படை விமானத் தளத்தையும் அல்லாமல் அவன் வேறு யாரை நம்புவான்? நம் கரையைக் காப்பவர்களும் இருளுக்குப் பலியானவர்களே. 2015 ஜூன் 8-ந் தேதி சென்னையிலிருந்து பாக் ஜலசந்தி வரை காவற் சுற்றுக்குச் சென்ற டார்னியர் விமானம் இரவில் மூவருடன் மறைந்தது. மறுமாதந்தான் பிச்சாவரத்துக்கு அப்பால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அகப்பட்டன.

இரவில் கடல்மீது பறப்பது லேசான காரியமன்று. மேகம் கவிந்தால் வானமும் நீரும் ஒன்றாகிவிடும். அடிவானக் கோடு இராது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தும் நேராயிருப்பதாகவே உடம்பு சொல்லும். உடம்பை நம்பாமல் எதிரேயுள்ள கருவிகளையே நம்பவேண்டும். அந்த நிலையில் யந்திரத்தின் மீதும் சந்தேகம் எழுமானால் விமானி எதைத்தான் நம்புவது?

போர்பந்தரில் வீழ்ந்த ‘துருவ்’ சுதேசி யந்திரம். ஸ்ரீ வால்சந்த் ஹீராசந்த் 1940-ல் பெங்களூரில் ஸ்தாபித்த தொழிற்சாலையின் வழிவந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது. 1906-ல் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி கண்ட நாட்டில் அதைக் கண்டு பெருமைப்படாதவர் யார்? ஒரு விபத்தைச் சாக்கிட்டு அந்நிய யந்திரங்களை வாங்கு என்போருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் 2025 ஜனவரி 5-ந் தேதி அதே போர்பந்தர் விமான நிலையத்தில் அதே ஜாதி ஹெலிகாப்டர் வீழ்ந்து மூவர் இறந்தனர். முந்நூற்றுக்கு மேற்பட்டவை மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. விசிறிகளின் சாய்வை மாற்றும் தட்டு முறிந்ததென்று பின்னர் வெளியாயிற்று.

இம்மாதிரி விபத்துக்களின் முழு விசாரணை அறிக்கைகள் பொதுஜனங்கள்முன் வைக்கப்படுவதில்லை; ராணுவ ரகசியம் என்கிறார்கள். ஒரு தட்டு எங்கே வெடித்தது, எத்தனை மணி ஓடியபின் வெடித்தது என்பதில் சத்துருவுக்கு என்ன லாபம்? 2021 டிசம்பர் 8-ந் தேதி குன்னூரில் ஜெனரல் விபின் ராவத் உள்ளிட்ட 14 பேரைப் பலிகொண்ட விபத்துக்குக் காரணம், மேகத்துள் புகுந்து திசை தடுமாறியது என்று ஐந்து வாரங்களில் விமானப் படையே அறிவித்தது. அதனால் தேசம் கெட்டுவிடவில்லை. 2024 டிசம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டி அறிக்கையிலோ அதே விபத்துக்கெதிரே ‘மனிதத் தவறு, விமானிகள்’ என்ற சில எழுத்துக்களே இருந்தன. இறந்தவர்கள் வந்து மறுமொழி சொல்லப்போவதில்லை என்ற தைரியம் போலும்.

ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் போர்பந்தர் விபத்துக்கள் இரண்டின் அறிக்கைகளையும் சபையின் மேஜைமீது வைக்கும்படி கேட்கவேண்டும். பாக் ஜலசந்தியில் இரவு மீட்புக்கு எத்தனை ஹெலிகாப்டர்கள் தயாராயுள்ளன என்பதையும் கூடவே கேட்கட்டும்.