நலமென்று தோன்றும்போதே

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" எனச் சிற்றூர்களில் பலர் வினவுவதுண்டு. இரத்தக் கொதிப்பின் சூழ்ச்சியே அதுதான். வலியின்றி வளர்ந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். மாத்திரை அதனை அடக்குகிறதேயன்றி அகற்றுவதில்லை. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும்.

ஆயினும் நோயாளியை மட்டும் குறைகூறுதல் முறையன்று. ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறிச் சென்று, 'மருந்து இல்லை' என்னும் விடையோடு திரும்பியவர் மறுமுறை செல்வாரோ? இதனை உணர்ந்தே, 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய மருந்து முறை, ஒரு மாதத்திற்கான மாத்திரை, வராதவரைத் தேடியழைத்தல் ஆகியவற்றை வலியுறுத்தியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது.

30 வயது கடந்தோர் அழுத்தத்தை அளந்தறிவது நன்று. 140/90 அல்லது அதற்கு மேலாயின் மருத்துவரை நாடவேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் மறைந்துள்ள உப்பும் அக்கணக்கில் சேரும்.

பெற்றோரின் மாத்திரை தீருமுன்னரே, "வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பாதி நோய் அடங்கும்.