நமக்கென்று ஒரு பயிற்சிக் களம் வேண்டும்

வேலை தேடி ஆண்டுதோறும் பெங்களூர் வந்து சேரும் தமிழ் இளைஞர்களில் பலர் ஸாப்ட்வேர் துறையை நம்பி வருகிறவர்கள். நேர்முகத் தேர்வில் அவர்களை மடக்கும் கேள்விகளில் ஒன்று, ‘கண்டெய்னர் தெரியுமா?’ என்பது. தெரியும் என்பார்கள், படித்தும் இருப்பார்கள். ‘ஒன்றை இயக்கிக் காட்டு’ என்றால் கை தயங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

கண்டெய்னர் என்பது புரியாத வித்தையல்ல. வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டும்போது சோற்றோடு ஊறுகாய், இலை, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது நம் வழக்கம். போகிற இடத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்ற கவலை இல்லை. அதுபோலவே ஒரு மென்பொருளை, அது ஓடத் தேவையான துணை மென்பொருள்களோடு ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஓடியதுபோலவே வேறிடத்திலும் ஓடும். இதற்கான அடிப்படை வசதிகள் லினக்ஸில் முன்பே இருந்தன. அவற்றை எளிதாகக் கையாள உதவும் டாக்கர் என்னும் கருவி 2013-ல் வெளிவந்த பிறகே இம்முறை எங்கும் பரவியது.

இதைக் கற்பதில் முதல் தடை, கருவியை நிறுவுவதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் டாக்கர் ஓட வேண்டுமானால் உள்ளே ஒரு லினக்ஸும் ஓடியாக வேண்டும். பழைய மடிக்கணினி அதைத் தாங்காது. பாடம் தொடங்குமுன்பே பலர் சோர்ந்துவிடுவது இங்கேதான்.

இதற்கு வழி, பிரௌஸரிலேயே பழகும் களம். கற்பவர் பக்கத்தைத் திறந்தால் கட்டளை தட்டும் திரை வரும். உழைப்பெல்லாம் வேறிடத்தில் உள்ள சர்வருடையது. மார்க்கோஸ் நில்ஸ், ஜொனாதன் லெய்பியுஸ்கி இருவரும் உருவாக்கிய ‘பிளே வித் டாக்கர்’ இப்படிப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்டெய்னர், அதற்குள் இன்னொரு டாக்கர் என்பது அதன் அமைப்பு. நான்கு மணி நேரம் பழகலாம். பிறகு எல்லாம் அழிந்துவிடும். ஆகவே தப்பாகத் தட்டினாலும் நஷ்டமில்லை. பயமின்றித் தவறு செய்ய இடமிருந்தால்தான் கை பழகும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை நாம் ஏன் அமைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கட்டகோடா என்ற களத்தில் எத்தனையோ பேர் பயின்றார்கள். 2019-ல் ஓரெய்லி நிறுவனம் அதை வாங்கியது. 2022 ஜூனில் பொதுமக்களுக்கான கதவை மூடிவிட்டது. பிறர் வீட்டுத் திண்ணை, உரிமையாளர் விரும்பும்வரைதான். அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நமக்கென்று ஒரு திண்ணை வேண்டும் என்பதே என் வாதம்.

‘பிளே வித் டாக்கர்’ நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வெளியிடப்பட்டது. ஆளுக்கு ஒரு ஜி.பி. என்று கணக்கிட்டாலும், 16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் ஒரு சமயத்தில் பத்துப் பேர் பயிலலாம். சங்க நூலகத்தின் ஒரு மூலை போதும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவரும் பிரௌஸர் வழியே அதில் சேரலாம்.

எச்சரிக்கையும் தேவை. கண்டெய்னர்கள் தனித்தனி அறைகள் போன்றவை, அஸ்திவாரம் ஒன்றே. டாக்கருக்குள் டாக்கர் ஓட்டக் கூடுதல் அதிகாரம் தர வேண்டியிருப்பதால், சுவரும் மெல்லியதாகிவிடுகிறது. ஆகவே சங்கக் கணக்குகளும் உறுப்பினர் பட்டியலும் உள்ள கம்ப்யூட்டரில் இதை ஒருபோதும் நிறுவக்கூடாது. தனிக் கம்ப்யூட்டர், பதிவு செய்தவர்க்கு மட்டும் அனுமதி, நினைவகத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு ஆகியவை கட்டாயம். இல்லாவிட்டால் வெளியார் புகுந்து மின்நாணயம் தோண்டும் பட்டறையாக்கிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரைக்குப் பக்கத்தில் வரும் பாடம் தமிழில் இருக்க வேண்டும். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், ‘ஏன் இப்படி?’ என்பதற்கான விளக்கம் தாய்மொழியில் கிடைத்தால், கிராமத்துக் கல்லூரியில் படித்து வந்த பிள்ளைக்கும் தயக்கம் நீங்கும். இந்த ஒரு காரியத்தைத் தமிழ்ச் சங்கம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

இத்துறையில் அனுபவம் முதிர்ந்த அன்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாடம் எழுதினாலே போதும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் அக்கறையில் சிறு பங்கை இதற்கும் ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறேன்.